காற்று நிறையும் வரை

பெரம்பலூர் துறைமங்கலத்தில், லாரிகள் வரிசையாக நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு கடை இருக்கிறது. பாதிக் கடையில் ஹாரன் பழுது பார்ப்பார்கள், மீதிப் பாதியில் தைப்பார்கள். பெயர்ப்பலகையில் "ஏர் ஹாரன், எலெக்ட்ரிக் ஹாரன் வேலை செய்து தரப்படும்" என்று ஒரு வரி. அதற்குக் கீழே "ஜாக்கெட் தைக்கப்படும்" என்று இன்னொரு வரி. ஹாரன் பக்கம் அரியமுத்து, தையல் பக்கம் அவர் மனைவி வேம்பு. அரியமுத்து ஓர் இசையமைப்பாளர் என்பதைப் பலகை சொல்லாது. கேட்டால் ஒழிய அவரும் சொல்ல மாட்டார்.

இதுவரை பதினோரு இசைகளை அமைத்திருக்கிறார். அவரைக் கேட்டால் பன்னிரண்டு என்பார். ஒன்றை இன்னும் முடிக்கவில்லை, ஆகவே நான் அதைச் சேர்க்கவில்லை. எதிலும் சொற்கள் கிடையாது, தாளம் கிடையாது, வாய்விட்டு முணுமுணுக்கும்படியான மெட்டும் கிடையாது. பெயர்கள் மட்டும் உண்டு. "பழூர் வரைக்கும் ஒரு டிக்கெட்" என்று ஒன்று. "ஏலாக்குறிச்சித் தேர் அன்னிக்கு மழை" என்று ஒன்று. எல்லாவற்றையும் வாசிப்பது பஸ், லாரிகளிலிருந்து கழற்றிய ஏர் ஹாரன்களில்.

எனக்கு அவர் பழக்கமான விதம் இது. நான் பெரம்பலூர் பேருந்து நிலையத்தில் தனியார் பஸ்களுக்கு டைம் கீப்பராக இருந்தவன். எந்த வண்டி எப்போது உள்ளே வந்தது, எப்போது வெளியே போனது என்று குறிப்பது என் வேலை. வண்டியைப் பார்க்கும் முன்பே ஹாரனைக் கேட்டு இன்னது என்று சொல்லிவிடுவேன். இதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. இந்தப் பக்கத்து ஜனங்கள் எல்லோருக்கும் அது கைவந்ததுதான். ரயில் இல்லாத ஊரில் பஸ்ஸின் சத்தம்தான் கடிகாரம். அடுப்பை அணைத்துவிட்டுச் செருப்பை மாட்டுவதற்குள் வண்டி வந்து நிற்கும்படியாகக் காது கணக்குப் போடும்.

ஒரு நாள் மத்தியானம் துறைமங்கலத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். "செவ்வந்தி" என்ற பஸ்ஸின் ஹாரன் கேட்டது. செவ்வந்திக்கு பர்மிட் முடிந்து, வண்டியை உடைத்து இரும்புக்குப் போட்டுவிட்டார்கள் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும். இல்லாத வண்டி ஓடினால் விசாரிக்க வேண்டியவன் நான். டம்ளரை வைத்துவிட்டுச் சத்தம் வந்த பக்கம் போனேன்.

கடைக்குள் இரும்புச் சட்டம் ஒன்றில் ஹாரன்கள் நீளமும் குட்டையுமாக வரிசையாகப் பொருத்தப்பட்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு ட்யூப். ட்யூபின் நடுவே சொட்டுநீர்ப் பாசனத்துக்குப் போடும் சின்னத் திருகுக் குழாய். எல்லா ட்யூபும் போய்ச் சேர்வது பஞ்சர் கடைக் கம்ப்ரசர் ஒன்றில்.

"செவ்வந்தி வண்டி எங்கே?" என்று கேட்டேன்.

"வண்டி இல்ல சார். அதோட தொண்டை மட்டும்தான் நம்மகிட்ட இருக்கு" என்று கையைத் துடைத்துக்கொண்டே எழுந்தார் அரியமுத்து.

சத்தம் அதிகம் என்று அதிகாரிகள் கழற்றச் சொல்லும் ஹாரன்களை வண்டிக்காரர்கள் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். அவர் அவற்றை வாங்கி, உள்ளே இருக்கும் தகட்டைத் தேய்த்து, குழலை வெட்டியும் ஒட்டியும் தமக்கு வேண்டிய குரலுக்குக் கொண்டுவருவார். முழுக் காற்றில்தான் ஏர் ஹாரன் அலறும். காற்றைக் குறைத்துவிட்டால் அது முனகும், பெருமூச்சு விடும், ஆடி மாதக் காற்று பனைமரத்தில் நுழைவது போல ஒலிக்கும். இதை முதலில் கண்டுபிடித்தவர் அவர்தானா என்று எனக்குத் தெரியாது. வேறு யாரும் செய்து நான் கேட்டதில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அன்று அவர் ஒன்றை முழுவதும் வாசித்தார். எனக்குப் பிடிக்கவில்லை. மறுவாரம் போனேன், அப்போதும் பிடிக்கவில்லை. மூன்றாம் முறை கேட்டபோது டீ ஆறிப்போனதை நான் கவனிக்கவில்லை. அதன்பின் போகாமல் இருக்க முடியவில்லை.

வேம்புவுக்கு இந்த இசையில் வேறு விதமான ஈடுபாடு. தையல் இயந்திரத்தை நிறுத்தாமலே கேட்பார்.

"இன்னிக்கு நடுவுல ஒரு பெருமூச்சு வந்துச்சு பாருங்க, அது நல்லா இருந்துச்சு" என்றார் ஒரு நாள்.

"அது ட்யூப் லீக்கு."

"இருந்துட்டுப் போவுது. அதை அடைச்சுப்புடாதீங்க."

அவர் அடைக்கவில்லை. அந்த ஓட்டை இன்றும் அந்த இசையின் பகுதியாக இருக்கிறது.

அரியமுத்துவின் இசையில் தட்டிவரும் சத்தம் ஒன்றுகூட இருக்காது. மணி இல்லை, தகரம் இல்லை, டிரம் இல்லை, காற்று மட்டும்தான். ஹாரன் அடிப்பது என்று ஊரே சொல்லும்போது அவர் மட்டும் ஹாரன் விடுவது என்பார். இதற்குக் காரணம் தெரிய அவர் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா பெயர் வீரமுத்து. தா.பழூருக்குப் பக்கத்தில் ஊர். அவர்கள் தெருவுக்குப் பறையடிப்பது கடமையாக இருந்த காலம் அது. சாவு விழுந்தால் மேலத்தெருவிலிருந்து ஆள் வந்து தெரு முனையில் நின்று கைதட்டுவார். பெயரைச் சொல்லிக் கூப்பிட மாட்டார். கைதட்டும் சத்தம் கேட்டால் சாப்பிடுகிற கையைக் கழுவிவிட்டு எழ வேண்டும், காய்ச்சலில் கிடந்தாலும் எழ வேண்டும். ஒரு வருடம் தெருவே கூடிப் பேசி, இனி யார் வீட்டுச் சாவுக்கும் அடிப்பதில்லை என்று முடிவு செய்தது. அதன் பிறகு அவர்களுக்கு வயல் வேலை கொடுப்பார் இல்லை. வீரமுத்து குடும்பத்தோடு அரியலூருக்கு வந்து சுண்ணாம்புக்கல் லாரியில் பாரம் ஏற்றும் வேலையில் சேர்ந்தார். பறையை அவர் எரிக்கவும் இல்லை, விற்கவும் இல்லை. அடுப்புக்குப் பின்னால் வைத்தார். சில மாதங்களில் எலி தோலைத் தின்றுவிட்டது. "இந்த எலி நாலு தலைமுறைக்கு முன்னாடியே வந்திருக்கலாம்" என்றாராம்.

மகன் அப்போது சிறு பையன். அடிகளெல்லாம் காதில் ஏறிவிட்டிருந்தன, கையில் ஏற அப்பா விடவில்லை. லாரியில் கிளீனராகப் போன இடத்தில் ஹாரன் வேலையைக் கற்றுக்கொண்டார். ஆனால் எங்கே போனாலும் மூன்று கேள்விகள் பின்னாலேயே வந்தன. எந்த ஊரு? எந்தத் தெரு? இசையில் ஆர்வம் உண்டு என்று தெரிந்தால் மூன்றாவது, "அப்ப நல்லா அடிப்பீங்களே!"

அவர் இசை அமைத்த விதமே அந்த மூன்றாவது கேள்விக்குப் பதில் என்று எனக்குத் தோன்றியிருக்கிறது. இன்னொன்றும் உண்டு. அவருடைய எந்த இசையையும் யாரும் சொன்ன மாத்திரத்தில் தொடங்க முடியாது. கம்ப்ரசரில் காற்று நிறைய வேண்டும். காற்று நிறையும் சத்தம்தான் முதல் பகுதி. கேட்க வந்தவர் யாராக இருந்தாலும் அதுவரை உட்கார்ந்திருக்க வேண்டும். ஒருமுறை லாரி முதலாளி ஒருவர் நண்பர்களோடு வந்து கைதட்டி, "எங்க, ஒண்ணு வுடு பாப்போம்!" என்றார். அரியமுத்து நிதானமாக வால்வைத் திறந்து சேர்ந்திருந்த காற்றையெல்லாம் வெளியே விட்டார். "காத்து இல்லீங்களே" என்றார்.

அவர் மகள் மஞ்சு கல்லூரியில் படிக்கிறாள். அங்கே மாணவர் பறைக்குழுவில் முன்னால் நின்று அடிப்பவள் அவள்தான். இதில் வீட்டில் சண்டை நடந்திருக்கும் என்று நினைப்பவர்கள் ஏமாந்துபோவார்கள்.

"தாத்தாவைக் கைதட்டிக் கூப்பிட்டாங்க. எங்களுக்கு அடிச்சு முடிச்ச பொறவு கைதட்டறாங்க. வித்தியாசம் இருக்குல்லப்பா?" என்றாள் மஞ்சு.

"இருக்கு கண்ணு. நீ அடி, நான் முன்வரிசையில உக்காந்து கேக்கறேன். என்னைய அடின்னு மட்டும் சொல்லிப்புடாத."

சென்ற வருடம் தை மாதம், திருச்சிக்குப் போகும் ஒரு கார் ஹாரன் வேலை செய்யாமல் கடை முன் நின்றது. அதில் வந்தவர் நர்மதா. பெரம்பலூரில் நடக்கவிருந்த ஒரு கலை விழாவின் வேலையாக அலைந்துகொண்டிருந்தார். ஹாரனைச் சரி செய்யக் காத்திருந்த நேரத்தில் சட்டத்தைப் பார்த்துவிட்டு, இது என்ன என்று கேட்டார். காற்று நிறைய ஆன நேரம் முழுவதும் ஸ்டூலில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். வாசித்து முடித்ததும் எழுந்து சட்டத்தின் அருகே வந்தார்.

"இதுக்கு என்ன பேருங்க?"

"கூப்பிடாம வந்தது."

"எங்க விழாவுல இதை வாசிக்கணும். மாட்டேன்னு சொல்லாதீங்க."

அரியமுத்து வேம்புவைப் பார்த்தார். வேம்பு இயந்திரத்தை நிறுத்தியிருந்தார். அது அடிக்கடி நடப்பதில்லை.

பத்து நாள் கழித்து விழா நோட்டீஸ் வந்தது. அதில் "பாரம்பரியப் பறையிசை: அரியமுத்து குழுவினர்" என்று அச்சாகியிருந்தது. அரியமுத்து அதை இரண்டு முறை படித்து, நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த தையல் மேசையின் கால் அடியில் வைத்தார். மேசை ஆடாமல் நின்றது.

"நான் வரலைன்னு சொல்லிடுங்க சார்" என்றார் என்னிடம். முகத்தில் கோபம் இல்லை. கடையில் அன்று முழுதும் ஒரு ஹாரனும் ஒலிக்கவில்லை.

நர்மதா ஓடி வந்தார். கூடவே விழாக் குழுத் தலைவர் அரங்கநாதனும் வந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நல்ல மனிதர்.

"தப்பு எங்க பேர்லதான். உங்க ஊரைச் சொன்னாங்க, பொண்ணு பறைக்குழுவுல இருக்குன்னாங்க. நாங்களா போட்டுட்டோம்" என்றார் அரங்கநாதன். "அப்ப எப்படிப் போடறதுன்னு நீங்களே சொல்லுங்க."

"இசையமைப்பாளர் அரியமுத்துன்னு போடுங்க."

"அப்படிப் போட்டா எந்தப் படத்துக்குன்னு கேப்பாங்களேப்பா!"

"எந்த பஸ்ஸுக்குன்னு கேட்டாலும் சொல்லலாம். எந்தத் தெருன்னுதான் கேக்கக் கூடாது."

அரங்கநாதன் சிரித்துவிட்டார். பிறகு தம் கவலையைச் சொன்னார். தாளம் இல்லாத, பாட்டு இல்லாத ஒன்றுக்குக் கூட்டம் உட்காராது. கூட்டம் கலைந்தால் அடுத்து வருகிற கலைஞர்களும் காலி நாற்காலிகளுக்குத்தான் ஆட வேண்டும். ஆகவே ஓர் ஏற்பாடு. மேடையில் அரியமுத்து கேட்டபடியே அறிவிப்பார்கள். ஆனால் ஜனங்கள் எழுந்து போக ஆரம்பித்தால் உடனே மஞ்சுவின் குழு மேடையேறி அடிக்கத் தொடங்கும்.

அதாவது, அவர் வாழ்நாளில் முதல் தடவையாக மேடையேறும் இசை பாதியில் நின்றால், அதை மூடப்போவது பறை, அடிக்கப்போவது அவர் மகள். அரியமுத்து, "சரிங்க" என்றார்.

விழா அரியலூர் சாலையில் ஒரு பள்ளி மைதானத்தில். வாசலுக்கு நேரே பஸ் நிறுத்தம். மாலை வெயில் சாய்ந்தபோது நாற்காலிகள் நிறைந்திருந்தன. நான் மூன்றாம் வரிசையில் இருந்தேன். முதல் வரிசையில் சிறப்பு விருந்தினருக்கு இரண்டு நாற்காலி தள்ளி வேம்பு, தாமே தைத்த புது ஜாக்கெட்டோடு.

"அடுத்து, இசையமைப்பாளர் அரியமுத்து" என்று நர்மதா அறிவித்தார். "காற்று நிறையும் வரை காத்திருப்பது இந்த இசையின் முதல் பகுதி."

கம்ப்ரசர் உறுமத் தொடங்கியது. ஜனங்கள் காத்திருந்தார்கள். சிறப்பு விருந்தினர் குனிந்து, "கரண்ட் இல்லையா, ஜெனரேட்டர் போடறாங்களா?" என்று அரங்கநாதனைக் கேட்டார்.

"அண்ணே, பஞ்சர் எந்த டயர்ல?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

மைதானமே சிரித்தது. அரியமுத்துவும் சிரித்தார். காற்றளவைக் காட்டும் முள் மேலே போய் நின்றதும் கம்ப்ரசரை நிறுத்தினார். சட்டென்று விழுந்த அமைதியில் தாழ்ந்த குரல் ஒன்று எழுந்தது. அது செவ்வந்தி என்று எனக்குத் தெரியும். அதன்மேல் சுண்ணாம்பு லாரி ஒன்றின் குரல், அதற்கும் மேலே மெல்லிய சீழ்க்கை போல இன்னொன்று. ஜனங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஆனால் யாரும் எழவில்லை. கைக்குழந்தை ஒன்று அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டது.

இசையின் நடுவே ஒரே ஒரு ஹாரனை ஒரே ஒரு முறை முழுக் காற்றில் விட வேண்டும் என்று அமைத்திருந்தார். அந்த இடத்துக்கு அவர் தேர்ந்தெடுத்தது "தங்கமயில்" பஸ்ஸின் பழைய ஹாரன். முந்தின மாதம்தான் அதிகாரிகள் சொல்லிக் கழற்றியது. பெரம்பலூரிலிருந்து அரியலூர் வழியாக ஜெயங்கொண்டம் போகும் வண்டி அது. இப்போது அதில் ஒரு சின்ன எலெக்ட்ரிக் ஹாரன் இருக்கிறது, ஆட்டுக்குட்டி கத்துவது போல. ஜனங்களின் காதில் இருந்ததோ பழைய குரல்.

திருகைத் திறந்தார். மைதானம் அதிர்ந்தது.

"தங்கமயிலுடி! பையை எடு, பையை எடு!"

"முன்னாடியே வந்துட்டாண்டா! ஏய், புள்ளையத் தூக்கு!"

"ஏ அத்தை, செருப்பு அப்பால கெடக்கட்டும், ஓடியா!"

அரியலூர்ப் பக்கம் போக வேண்டியவர்கள் அத்தனை பேரும் ஒரே வீச்சில் எழுந்து வாசலைப் பார்த்து ஓடினார்கள். பாதி நாற்காலிகள் காலி. தங்கமயில் வர இன்னும் ஏழு நிமிடம் இருந்தது. அது எனக்குத் தெரியும், ஆனால் யாரும் என்னைக் கேட்கவில்லை.

அரங்கநாதன் மேடையோரம் நின்ற மஞ்சுவைப் பார்த்துக் கையசைத்தார். "ஏறும்மா, ஏறு! கூட்டம் போவுது!"

பறையைத் தோளில் மாட்டியிருந்த மஞ்சு அசையவில்லை. "எங்கப்பா இன்னும் முடிக்கல ஐயா."

"ஏற்பாடு அப்படித்தானேம்மா?"

"எழுந்து போனாதானே ஐயா? இவங்க பஸ்ஸுக்கு ஓடறாங்க."

அரியமுத்து நிமிர்ந்து காலி நாற்காலிகளைப் பார்த்தார். திருகின்மேல் இருந்த கை நின்றுவிட்டது. காற்று மட்டும் எங்கோ ஓர் ஓட்டை வழியே கசிந்துகொண்டிருந்தது. அப்போது முதல் வரிசையிலிருந்து வேம்புவின் குரல் கணீரென்று வந்தது.

"நீங்க திருவுங்க! நான் உக்காந்துதானே இருக்கேன்!"

அவர் திருகினார்.

வாசலுக்கு ஓடியவர்களுக்கு வண்டியைக் காணோம். சாலை வெறிச்சோடிக் கிடந்தது. ஹாரன் மட்டும் முதுகுக்குப் பின்னால் முனகிக்கொண்டிருந்தது. ஐந்தாறு நிமிடம் காத்துப் பார்த்துவிட்டு ஒருவர் பையோடு திரும்பி மைதானத்தைப் பார்த்தார். "அடப்பாவி, வண்டி உள்ளாற இருக்குடோய்!" என்றார். அதற்கு எழுந்த சிரிப்பு அடங்கும் முன்பே நிஜமான தங்கமயில் வந்து நின்றது. அதன் டிரைவர் காசிநாதன் ஜன்னலில் தலையை நீட்டி, "என் ஹாரனை எவண்டா உள்ள அடிக்கிறது?" என்றார். உடனே தம்முடைய புது ஹாரனை அழுத்தினார். ஆட்டுக்குட்டி கத்தியது.

மேடையில் அரியமுத்து காதைத் தீட்டிக்கொண்டார். பிறகு பழைய குரலை மெல்லத் திறந்து பதில் சொன்னார். சாலையிலிருந்து மறுபடி ஆட்டுக்குட்டி. மேடையிலிருந்து மறுபடி தொண்டை. இது அவர் அமைத்ததில் இல்லை, ஆனால் அமைத்திருந்தால் இப்படித்தான் அமைத்திருப்பார். ஓடியவர்கள் திரும்பி வந்தார்கள். கூடவே பஸ்ஸில் இருந்தவர்களும் இறங்கி வந்தார்கள். நாற்காலி போதாமல் நின்றார்கள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி ஊதாமல் நின்றுகொண்டிருந்தார். தங்கமயில் அன்று அந்த நிறுத்தத்தில் நின்ற நேரத்துக்கு, நான் பணியில் இருந்திருந்தால் கட்டாயம் அபராதம் எழுதியிருப்பேன்.

கம்ப்ரசரில் காற்று தீரும்போது இசை முடியும். கடைசிக் குரல் மெலிந்து மெலிந்து வெறும் மூச்சாகி நின்றது. அப்புறம் கைதட்டல் எழுந்தது. சிறப்பு விருந்தினர் தட்டினார், அரங்கநாதன் எழுந்து நின்று தட்டினார், காசிநாதன் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்த கையால் தட்டினார். அரியமுத்து என்ன செய்வதென்று தெரியாமல் ஓரடி முன்னால் வந்து, பின்னால் போய், மேடையின் படிக்கட்டைப் பார்த்தார்.

"எங்கயும் போவ வேணாம்" என்றார் வேம்பு கீழே இருந்து. "அங்கனயே நில்லுங்க."

நின்றார். கைதட்டல் ஓயும் வரை நின்றார்.

பிறகு ஜனங்கள் சட்டத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். அந்தத் தடித்த குரல் எந்த பஸ்? சீழ்க்கை மாதிரி வந்ததே, அது தொழுதூர் வண்டியா? செவ்வந்தியை நான் கேட்டு எவ்வளவு நாளாச்சு! நர்மதா பதில் சொல்ல முடியாமல் திணறி என்னைக் கைகாட்டிவிட்டார். என் அறுபத்தெட்டு வயதில் என்னை அவ்வளவு பேர் சூழ்ந்து நின்றது அன்றுதான்.

கூட்டம் குறைந்த பிறகு வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் அரியமுத்துவின் பக்கத்தில் வந்தார். நிதானமாக மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, "உங்களுக்கு எந்த ஊருங்க?" என்றார்.

மஞ்சு என்னைப் பார்த்தாள். நான் வேம்புவைப் பார்த்தேன்.

"தா.பழூர் பக்கம்" என்றார் அரியமுத்து. அடுத்த கேள்விக்குக் காத்திருந்தார்.

"பழூரா!" என்று அவர் முகம் மலர்ந்தது. "அப்ப அந்தக் காலை அஞ்சரை வண்டி ஹாரன் உங்ககிட்ட இருக்கா? எங்க மாமியார் ஊரு அங்கதான். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தாங்க நான் அங்கேருந்து தப்பிச்சு வருவேன்."

அரியமுத்து சிரித்துவிட்டார். சிரித்து முடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"இருக்குங்க. உக்காருங்க. காத்து நிறையணும்" என்று சொல்லிவிட்டுக் கம்ப்ரசரைப் போட்டார்.